முப்பத்தொரு பிள்ளைகளும் நாய்தான் வரைந்தார்கள்

என் அருமை அந்தோணி அண்ணே,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நேரே அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏறி வந்து, உன் பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க உன்னைத் திட்டியிருப்பேன். ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துபோயிருக்கும்? மழைக் காய்ச்சலோடு பாடம் நடத்தப் போனாய். நெஞ்சில் சளி கட்டி நாலே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் வந்தபோது பெட்டியை மூடத் தயாராக நின்றார்கள். இனி நான் யாரோடு சண்டை போடுவது?

உன்மேல் நான் போட்ட பழி நாலு பேர் படிக்கிற இடத்தில் கிடக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகம். முழங்கால் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். வீட்டில் நிற்கச் சொன்னால் கேட்கிறாளா? உன் இடத்துக்கு ஒரு புது மாஸ்டர் வந்திருக்கிறார். திங்கட்கிழமை மத்தியானம் வருகிறார், வியாழக்கிழமை மத்தியானம் ஹட்டனுக்குப் போய்விடுகிறார். கேட்டால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

என் செய்தி, நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு வருகிற வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். "அது என்னா பாப்பா தற்காலிகம், வருசக் கணக்கா?" என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். என்ன சொல்ல? ஒவ்வொரு தடவையும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். என்னுடையதைக் கொடுத்தால் அப்பாவுடையது எங்கே என்றார்கள். அப்பா இந்த மண்ணில்தான் பிறந்தார், இந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறார், காகிதம்தான் இல்லை என்று எத்தனை மேசைக்கு முன்னால் நின்று சொல்வது? இந்தத் தடவைதான் எல்லாக் காகிதமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

இந்த வழியில் என்னை இறக்கிவிட்டதே நீதான். மறந்துவிடாதே. நான் ஹட்டனில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எச்.எஸ்.சி. படித்துக்கொண்டு, கணக்கு டீச்சராக வேண்டும் என்று நிம்மதியாக இருந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நனைந்துபோய் வந்து நின்றாய். உன் பள்ளிக்கு வந்த பரிசோதகர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளைகள் பொதுவாக மந்தபுத்தி உள்ளவர்கள்" என்று பள்ளிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாய்.

"யாரு அளந்தா? எத வச்சு அளந்தா? அளக்குறதுக்கு ஒரு படிப்பு இருக்கும்ல, அதப் போயி நீ படி பாப்பா" என்றாய்.

அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் மனோதத்துவம் என்ற பேரையே கேள்விப்பட்டேன். கணக்கை விட்டேன். பட்டம், அதற்குமேல் கல்வி டிப்ளோமா, கண்டியில் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம், பிறகு பேராசிரியரின் கீழே உதவி விரிவுரையாளர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் புத்தியை அளக்கிறவள் என்பதை நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் "பைத்தியம் பாக்குற டாக்டரு" என்று சொல்லிவைத்தாள். லீவுக்கு வந்த ஒரு தடவை, பேய் பிடித்தது என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரவைத்தார்கள். வயிறு நிறையச் சோறு போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் தேறிவிட்டாள். எனக்குக் கைராசிக்காரி என்று பேர். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த பட்டத்துக்கான என் ஆய்வுக்காகப் பேராசிரியர் ஒரு சோதனைத்தாளைக் கொடுத்தார். லண்டனில் படித்த காலத்தில் அவர் கொண்டுவந்தது. கேள்விகளைத் தமிழாக்கியிருந்தார்கள், படங்களை அப்படியே விட்டிருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒன்று குறையும். குறைவதைப் பிள்ளைகள் வரைய வேண்டும். ஆறாவது படத்தில் ஒரு பெரிய வீடு. அதில் குறைவது கூரைமேல் புகைக்கூண்டு.

ஆறு தோட்டப் பள்ளிகளில் உன்னுடையது முதலாவது. தாள் கட்டை முதல்நாளே உன்னிடம் கொடுத்து வைத்திருந்தேன். சோதனை நேரத்தில் ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. சொந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே உன்னை வெளியே போகச் சொன்னேன், நீயும் போய் மழைத் தூறலில் நின்றாய். நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிவதற்கு முன்னால் ஒரு மணி அடிக்க வேண்டும், முடிந்ததும் இன்னொரு மணி. அது தவறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தாள்களைத் திருத்தினால், முப்பத்தொரு பிள்ளைகளும் அந்த வீட்டு வாசலில் ஒரு நாயை வரைந்திருந்தார்கள். ஒரே இடத்தில், ஒரே மாதிரி நாய். மற்றப் படங்களும் அப்படித்தான். தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் உன் வீட்டில் நடந்ததை நான் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"நீதான் சொல்லிக் குடுத்த" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

"முப்பத்தொரு பேரும் ஒரே நாய வரைவாங்களா? என் மானத்த வாங்கிட்டியே."

"புள்ளைகளக் கேட்டுப் பாரு."

"மாஸ்டருக்குப் பயந்துகிட்டு உண்மையவா சொல்லுவாங்க?"

"கேக்காமயே கண்டுபிடிக்கிற படிப்பா படிச்ச?" என்றாய். அவ்வளவுதான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதன்பிறகு ஒன்றரை வருஷம், நீ போய்ச் சேரும்வரை, பேசவில்லை. நீ அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாய், "மறுபடி ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு" என்று. நான் வரவில்லை. நீ பிடிவாதக்காரன் என்றால் நான் உன் தங்கச்சி.

போன மாதம் மாணவிகளைப் பழக்குவதற்காக வட்டவளைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். அதே சோதனைத்தாள். இந்தத் தடவை கடிகாரம் ஒரு மாணவியின் கையில். நான் கடைசி வாங்குப் பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால் கண் திறந்தது.

முதல் மணி அடித்ததும் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, முத்தம்மா என்று பேர், தன் தாளை முடித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணின் தாளை இழுத்து அதில் விறுவிறுவென்று வரைந்தாள். அதை முடித்து எழுந்துபோய் முன்வாங்குத் தாளில் வரைந்தாள். ஒளிவு மறைவே இல்லை. சுற்றிப் பார்த்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அதே வேலையில் இருந்தார்கள். ஒருத்தியைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள், நாய் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா, அவ தாள்ல நீ ஏன் வரையுற?" என்று கேட்டேன்.

"அவளுக்குக் கொறையுது டீச்சர். மணி அடிச்சிட்டாங்கல்ல."

"கொறஞ்சா என்ன?"

அந்தப் பிள்ளை என்னை இரக்கத்தோடு பார்த்தது. "கொழுந்து நிறுக்கையில கொறஞ்சா கங்காணி ஏசுவாருல்ல. பக்கத்து நெரைக்காரவுங்க ரெண்டு கை அள்ளிப் போட்டு விடுவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

எனக்குத் தெரியாதா, அண்ணே? அம்மாவுக்கு இடுப்பில் நாரி வலி வந்த வருஷம் அவள் கூடையை நிறைத்தது யார்? கொழுந்து நிறுக்க மணி அடித்ததும் இந்தப் பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்தும் அந்தப் பக்கத்து நிரையிலிருந்தும் கைகள் வந்து அள்ளிப் போட்டதை நீயும் நானும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம்? அதற்குத் திருட்டு என்று யாராவது பேர் வைத்தார்களா? அந்தப் பிள்ளைகள் மணிச் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். நான் அதற்கு மோசடி என்று பேர் வைத்தேன்.

நாய் எதற்கு என்றும் கேட்டேன். "அது தொரை பங்களா. நாயக் காணோம்" என்றாள் முத்தம்மா. பங்களாக் கூரையை யார் அண்ணாந்து பார்த்தார்கள்? வாசல் பக்கம் போனால் நாய் விரட்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த பங்களா அதுதான்.

இது உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும் "புள்ளைகளக் கேட்டுப் பாரு" என்பதோடு ஏன் நிறுத்தினாய்? நானே கண்டுபிடிக்க வேண்டும் என்றா? அன்றைக்கே என்னை உட்காரவைத்து நீயே பாடம் நடத்தியிருக்கலாமே! உன்னை நினைத்தால் அழுகையும் வருகிறது, பல்லைக் கடிக்கவும் தோன்றுகிறது.

பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உன் பள்ளியைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற ஐந்து தோட்டப் பள்ளிகளின் புள்ளிகளை வைத்து எழுதிய ஆய்வு அது. அங்கெல்லாம் ஒரே மாதிரி விடைகள் கொஞ்சம் குறைவு, அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த ஐந்திலும் எது யார் வரைந்தது என்று இனி எந்தக் கடவுளுக்குத் தெரியும்? அந்த ஆய்வின் முடிவுரை என்ன சொல்கிறது தெரியுமா? அந்தப் பரிசோதகர் ஒரு வரியில் எழுதியதை நான் பன்னிரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். "பட்டம் கொடுத்தாயிற்று, யார் படிக்கப்போகிறார்கள்? வியாழக்கிழமை முடியும்வரை வாயைத் திறக்காதே, வேலை கையில் வந்த பிறகு பார்க்கலாம்" என்றார் பேராசிரியர். நல்ல மனுஷர்தான். என்மேல் அக்கறையில்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

போனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆறு வருஷம் காத்திருந்தேன். அது கிடைத்தால்தான் சோதனைத்தாளை மாற்ற எனக்கு அதிகாரம் வரும் என்றும் மனசு சொல்கிறது. அந்த மனசை எத்தனை தூரம் நம்புவது என்று தெரியவில்லை, மனோதத்துவம் படித்தும்.

ஆனால் அந்த ஆய்வில் உன்னைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது, அண்ணே. உனக்கு அது தெரியாது. தெரியாமலே போய்விட்டாய் என்று நினைத்து நான் முதலில் ஆறுதல் பட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். சொல்லிக் கொடுக்கிறவன் சரியான விடையைத்தானே சொல்லிக் கொடுப்பான்? முப்பத்தொரு பேருக்கும் பிழையான விடையை எதற்குச் சொல்லிக் கொடுக்கிறான்? இந்தக் கேள்வி எனக்கும் அன்றைக்கு வந்தது. அதற்கு நான் ஒரு பதிலும் கண்டுபிடித்து, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன், தமிழில் சொன்னால் இப்படி: "ஒரு பள்ளியின் விடைகள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தமையால் நீக்கப்பட்டன. அவ்வாசிரியரும் அதே தாழ்ந்த சூழலில் வளர்ந்தவராதலால், சரியான விடையை அவரே அறிந்திருக்கவில்லை எனத் தோன்றுகிறது."

உன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தது கோபத்தில். உனக்கு விடை தெரியாது என்று எழுதியது யோசித்து, நிதானமாக, மூன்று தடவை திருத்தி. மன்னிப்புக் கேட்பதென்றால் அதற்குத்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

வியாழக்கிழமை அவர்கள் என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த வரிகளை வாசிப்பேன். இவை பொய், எழுதியவள் நான் என்பேன். எந்த ஆசிரியர் என்று கேட்பார்கள். என் அண்ணன் என்று சொல்வேன். எனக்குத் தோட்டத்துப் பள்ளி மாஸ்டர் அண்ணன் ஒருவன் இருந்தான் என்று இந்த ஆறு வருஷத்தில் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் வளர்ந்த
உன் தங்கச்சி,
பிலோமினா