உன் கிணற்றில் நாங்கள் கொட்டிய உப்பு

என் நைனாவுக்கு,

புங்கமரத்தடியில் நீயாவது நிம்மதியாகப் படுத்திருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது. எஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்தத்தில் காது அடைத்துக்கொண்டது. நம் கிணற்றை இறைத்துக்கொண்டே இருக்கிறோம். இறைத்த தண்ணீரைப் பயிருக்கு விடவில்லை, ஓடையில் விடுகிறோம். எதற்கு என்று கேட்பாய். சொன்னால் திட்டுவாய். திட்டிக்கொள். எனக்கும் உன்மேல் கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த ஜீப் நினைவிருக்கிறதா? நீ கண்ணை மூடுவதற்கு முந்தின மாசியில் உத்திரமேரூர் ரோட்டிலிருந்து இறங்கி, நம் வரப்போரம் வந்து நின்றதே! பேன்ட் போட்ட ஆட்கள் வழி கேட்கத்தான் இறங்கினார்கள். நீ விட்டாயா? நம் கொல்லை நிலத்தில் கால் வைத்தவர்கள் நம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் போகக்கூடாது என்பது உன் சட்டம். சொம்பை நீட்டிவிட்டு, அவர்கள் விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"எப்டி கீது?" என்றாய். எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வி.

"ஸ்வீட்டா இருக்கு, பெரியவரே."

அவ்வளவுதான், உனக்குத் தலைகால் புரியவில்லை. "பாலாத்துத் தண்ணியே இதுகிட்ட பிச்ச வாங்கணும் சார். சித்திரயிலயும் வத்தாது. மண்ணு மேட்டு மண்ணு, எவ்ளோ மய பேஞ்சாலும் தண்ணி நிக்காது. தோ, ரோடு பக்கத்துலயே கீது. கரண்டு கம்பம் கீது. இன்னா வேணும் சொல்லு, எல்லாம் கீது!" என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட நீ இவ்வளவு பெருமை பேசவில்லை, நைனா.

அவர்கள் மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள். பாட்டிலில் கலர் சோடா அடைத்து விற்கிறவர்கள். உன் வருஷத் திதிகூட வரவில்லை, அதற்குள் தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்துவிட்டான். ரோட்டோரக் கொல்லைகளையெல்லாம் பொதுக் காரியத்துக்காக சர்க்கார் எடுத்துக்கொள்கிறதாம். எடுத்து அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறதாம். கலர் குடிப்பது எப்போதிலிருந்து பொதுக் காரியம் ஆயிற்று என்று அவனிடம் சண்டைக்குப் போனேன். "எனக்கு இன்னாக்கா தெரியும்? அடின்னாங்க, அடிக்கிறேன்" என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

ஊர் கூடிப் பேசியது. ஆட்சேபணை எழுதிக் கொடுத்தோம். நேரில் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. அப்போதுதான் உன் தம்பி, நம் பக்கத்துக் கொல்லைக்காரர், கண்ணியப்பன் சித்தப்பாவுக்கு அந்த யோசனை உதித்தது.

"தண்ணி ருசியப் பாத்துதான இங்க வந்து நிக்கிறான்? ருசியக் கெடுத்துட்டா ஓடிப்பூடுவான்" என்றார்.

"எப்டிக் கெடுக்கிறது?" என்றேன்.

"உப்பு கொட்டு."

செருப்புக் காலோடு கிணற்றடிக்கு வந்தவனை நீ துரத்தியடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். முடியாது என்றேன். ஆனால் ஊரே சித்தப்பா பக்கம் பேசியது. தினமும் நம்மிடம் குடிதண்ணீர் மொள்ள வருகிற பெண்கள்கூட, "கொஞ்ச நாளைக்கு ஏரிக்கரக் கெணத்துக்கு நடந்துக்கிறோம், தனபாக்கியம். கொல்ல போச்சுன்னா அப்பறம் தண்ணியும் போச்சு, நாமளும் போச்சு" என்றார்கள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

பட்டப்பகலில்தான் செய்தோம். "ஒளிஞ்சி பண்ணாதான் தப்பு" என்றார் சித்தப்பா. மரக்காணத்திலிருந்து வந்த உப்பு வண்டியை நிறுத்தி மூட்டைகளை இறக்கினார்கள். உன் மருமகன் வாயே திறக்கவில்லை. அவர் எப்போது திறந்தார்? நான்தான் முதல் மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்தேன். யாரோ ஒருவர் அவிழ்ப்பதற்கு நானே அவிழ்க்கலாம் என்று தோன்றியது. உப்பு விழுகிற சத்தம் கேட்டபோது புங்கமரத்துப் பக்கம் பார்க்கத் துணியவில்லை.

ஆபீசர் வந்தார். வயது அதிகமில்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சித்தப்பாவே சொம்பில் மொண்டு கொடுத்தார். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

"என்னங்க இப்படிக் கரிக்குது?"

சித்தப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! அண்ணனுக்குத் தம்பி தப்பாமல் பிறந்தவர். நீ உயர்த்திப் பேசினாய், அவர் தாழ்த்திப் பேசினார், அவ்வளவுதான் வித்தியாசம். "அந்தக் காலத்துலேர்ந்து இதான் சார் பேஜாரு. மாடுகூட வாய் வெக்காது. ஒண்ணும் வெளையாது சார். வெத போட்டா வெதயே திரும்பாது!"

"அப்போ ஒண்ணும் விளையாத நிலம்னு எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதிக்கோங்க சார்!" என்றார் சித்தப்பா. சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். நானும் சொன்னேன், நைனா. வருஷா வருஷம் வேர்க்கடலை பிடுங்கியவள், அந்தக் கொல்லையிலேயே நின்று தலையாட்டினேன். ஜீப் கிளம்பியதும் சித்தப்பா துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஆடாத குறைதான்.

காஞ்சிபுரம் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனோம். ரிப்போர்ட்டைப் படித்தார்கள். உப்புத் தண்ணீர், விளைச்சல் இல்லாத தரிசு என்று ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டதால், இதை எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று இருந்தது. சித்தப்பா முகம் செத்துவிட்டது.

நான் எழுந்து கேட்டேன். "தண்ணி கரிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்பறம் கம்பெனிக்காரன் எதைப் பாட்டில்ல ஊத்துவான்?"

அங்கிருந்த பெரிய அதிகாரி சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். "பாலாத்துலேர்ந்து பைப் போட்டுப்பாங்கம்மா. அவங்களுக்கு வேண்டியது ரோட்டோர இடம், மேட்டு நிலம். முன்னாடி ஃபேக்டரி, பின்னாடி வீட்டு மனை."

மனையா? யார் வீட்டுக்கு? நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த ஊர்க்காரர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார். கொல்லையில் சமாதி ஏதாவது இருந்தால் அகற்றிக்கொள்ள அவகாசம் தருவோம் என்று மட்டும் சொன்னார். சமாதி என்றால் யார் நைனா? நீதானே! உன்னை நான் எப்படி அகற்றுவது, எங்கே கொண்டுபோய் வைப்பது?

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அந்த ஜீப்காரர்கள் மரியாதைக்காகத் தண்ணீர் குடித்தார்கள். நீ சொன்னதில் ரோட்டையும் மேட்டையும் கரண்டு கம்பத்தையும் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டது நாம்தான், நீயும் சித்தப்பாவும் நானும். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட் அம்மாள் என் வீட்டில் சாவு என்று நினைத்து வெற்றிலை கொடுத்தாள்.

வருகிற வியாழக்கிழமை கடைசி விசாரணை. நான் முடிவு செய்துவிட்டேன். கிணற்றை முழுக்க இறைத்து, ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுபோகப்போகிறேன். மேஜைமேல் வைத்து, உப்பைக் கொட்டியது நாங்கள்தான், நிலம் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் சொன்னோம் என்று சொல்லப்போகிறேன்.

சித்தப்பா பதறுகிறார். "உனுக்கு இன்னா பைத்தியமா? சர்க்கார ஏமாத்துனேன்னு நீயே போய்ச் சொல்லுவியா? உள்ள தள்ளிடுவான்!"

"தள்ளட்டும். தரிசு நெலத்துக்காரின்னு வெளிய கீறதுக்கு, வெளயற நெலத்துக்காரின்னு உள்ள கீறேன்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். உன் மருமகன் சைக்கிளை எடுத்தார். "எங்க போற?" என்று கத்தினேன். "எஞ்சினுக்கு டீசல் வேணாமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னதில் இதுதான் நல்ல வார்த்தை.

அதிலிருந்து இறைக்கிறோம். ஓடையோரம் நான் போட்டிருந்த கத்தரி முழுக்கக் கருகிவிட்டது. அடி மண்ணில் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். உள்ளே இறங்கி வழித்துக் கூடையில் ஏற்றுகிறோம். யார் வரச்சொன்னார்கள் என்று தெரியவில்லை, தண்ணீர் மொள்ள வருகிற பெண்களெல்லாம் காலையிலேயே வந்து கயிறு பிடிக்கிறார்கள். சித்தப்பாவும் வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கூடையை வாங்கிக் கொட்டுகிறார்.

ஒவ்வொரு முறை ஊறும்போதும் ஒரு கை அள்ளி வாயில் வைக்கிறேன். இப்போதுகூடப் பார்த்தேன். கரிக்குது, நைனா. நேற்றைவிடக் குறைவு என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. எனக்கு அப்படித் தெரியவில்லை. தூக்கம் வரமாட்டேன் என்கிறது. வியாழக்கிழமைக்குள் மாறாவிட்டால்?

மாறாவிட்டாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. மாறிவிட்டால் முதல் கை தண்ணீர் புங்கமரத்தடிக்கு, அப்புறம்தான் குடத்துக்கு. அன்றைக்குத் துப்பின அந்த ஆபீசர் குடித்து முடிக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் கேள்வியை உன் குரலிலேயே கேட்பேன்: "எப்டி கீது?"

கையெல்லாம் உப்பு அரித்துப்போய்,
உன் ஒரே மகள்
தனபாக்கியம்