சூட்டுப் புண்

உடுப்பிட்டி
ஆவணி 12

பேரன் றஜிந்தனுக்கு அம்மம்மா பூரணம் எழுதுவது. நான் சுகம். நீ சுகமோ என்று கேட்க மாட்டேன். அதை நீ ஒரு டொக்டரிடம் போய்க் கேட்க வேணும்.

நான் என்றால் நீ போன் எடுக்கிறாயில்லை. குரலை அனுப்பினால் உன்ரை அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அதனால்தான் உன்னோடு கட்டாரில் வேலை செய்கிற குருநகர் கொலின்ஸ் லீவு முடிந்து வரும்போது இதைக் கொடுத்து விடுகிறேன். நல்லாய் ஒட்டித்தான் இருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இதை வேறொருவரைக் கொண்டு எழுதுவிக்க எனக்கு வெட்கம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்ரை பிழையை விட அது சின்னது.

ஆடி மாதம் நிவேதனாவுக்குக் கர்ப்பிணிக் கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். சிபிலிஸ் என்று வந்தது. எங்கடை காலத்தில் மேகநோய் என்பார்கள். பெண்சாதி புருஷனுக்கு முதலில் சொல்வதுதானே முறை, உனக்குத்தான் எடுத்தாள். நீ என்ன செய்தாய்? அவளுடைய போனை மறித்துப்போட்டு, எனக்கு ஒன்றும் இல்லை, எங்கே போய் வந்தாள் என்று அவளிட்டையே கேளுங்கோ என்று கொம்மாவுக்குக் குரல் அனுப்பினாய்.

உன்ரை தாய் தயாளினி நான் பெற்ற பிள்ளை. ஆனாலும் சொல்கிறேன். அன்றைக்கே அவள் நிவேதனா வீட்டு வாசலில் போய் நின்று, சனிக்கிழமைகளில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனது ஆசிரியர் பயிற்சிக்கோ வேறெதுக்கோ என்று பக்கத்து வளவுக்குக் கேட்கக் கேட்டாள். பிறகு, நாங்கள் செய்து போட்ட தாலிக்கொடியைக் கழற்றித் தா என்றாள். யாருடைய வாசலில் நின்று? அது அந்தப் பெட்டைக்குத் தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதன வீடு. லீவில் வந்தால் நீ தின்று படுத்தெழும்புவதும் அங்கேதான். பின்னாலே போன நான், கொடி எங்கடை, கழுத்து எங்கடை இல்லை, கையை எடு என்றேன். நீங்கள் ஆருடைய பக்கம், பேரன் உங்கடையோ அவள் உங்கடையோ என்று தயாளினி என்னைக் கேட்டாள். ஊசி போடப் போகிறவளின் பக்கம் என்றேன். அன்றே என்ரை இரண்டு சேலையையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு இங்கே நிவேதனாவோடு இருக்க வந்துவிட்டேன்.

நானும் திறமில்லை. வந்த முதல் நாள் அவள் தேத்தண்ணி குடித்த பேணியைக் கழுவிப் புறம்பாக வைத்தேன். அவள் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து தானே அதைப் புறம்பாக வைத்தாள். கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். பேணியாலும் கோப்பையாலும் வராது ஆச்சி, உது கட்டிலால் வாற வருத்தம் என்று சொல்லிச் சிரித்தா. வீட்டுக்கு வந்து அதே பேணியில் நான் தேத்தண்ணி குடித்தேன்.

மூன்று புதன்கிழமை, மூன்று ஊசி. ஓட்டோவில் ஒரு பக்கம் சரிந்துதான் இருந்து வந்தாள். நேரத்தோடு பிடிபட்டது நல்லது, வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். ஆனால் புருஷனுக்கும் மருந்து போடாவிட்டால் அவளுக்குத் திரும்ப வரும், பிள்ளைக்கும் போகும் என்றார். பிறகு, அவருக்கு முன்னம் எங்கேயாவது புண் இருந்ததோ என்று கேட்டார். நிவேதனா குனிந்துகொண்டு, சூட்டுப் புண் ஒன்று இருந்தது என்றாள்.

எனக்கு அங்கேதான் உறைத்தது. பங்குனிக் கடைசியில் நீ வந்து இறங்கி மூன்றாம் நாள், தாய்க்குச் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் வந்தாய். தொடையிடுக்கில் புண், நோகவில்லை, ஆனால் காயுதில்லை என்றாய். வெயிலில் நின்று வேலை செய்கிற பிள்ளை, உடம்புச் சூடு என்று நினைத்தேன். வெந்தயம் ஊறவைத்துத் தந்தேன். இளநீர் வெட்டுவித்தேன். நண்டும் கத்தரிக்காயும் சமைக்காதே, எண்ணெய் வைத்து முழுகவிடு என்று நிவேதனாவுக்குக் கட்டளை போட்டேன். இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. என்ரை கைவைத்தியம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தப் புண் மருந்தில்லாமலும் ஆறுமாம், வருத்தம் மட்டும் உள்ளே நிற்குமாம். புண்ணோடு வந்தவன் நீ. சுகமாகிவிட்டாய் என்று சொல்லி அவளிடம் அனுப்பியவள் நான்.

நான் அறியாமல் செய்தேன். அங்கே நீ செய்ததை நான் கேட்கவில்லை, அது உன்ரை மனச்சாட்சிக்கு. ஆனால் அவள் மேல் சொன்ன பொய்யை நீ அறிந்துதான் சொன்னாய். அதைப் பொறுக்க மாட்டேன்.

புண்ணின் கதையைக் கொம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. உன் வாயால் அவள் கேட்க வேணும். ஆவணி முடியும்வரை பார்ப்பேன். பிறகு நானே, அவள் நின்ற இடத்தில் நின்று, அதே வளவுக்குக் கேட்கச் சொல்வேன்.

அங்கே இரத்தம் சோதித்தால் வேலை போய்விடும் என்று பயமென்றால் லீவு போட்டு வா. இங்கே கிளினிக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். யாரும் ஏச மாட்டார்கள். ஏசுவதற்கு நான் இருக்கிறேன்.

கடிதம் எழுதுகிறேன், ஏதும் சொல்ல இருக்கோ என்று நிவேதனாவைக் கேட்டேன். "ஊசி போட்ட பிறகு கால் விறைக்கும், இருக்காமல் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்தது.

எங்கடை முருகன் உனக்கு நல்ல புத்தியும் சுகமும் தரட்டும். ஊசி போட்டதும் எனக்குச் சொல்லாதே மகனே. அவளுக்குச் சொல்லு.

உன்னைத் தூக்கி வளர்த்த
பூரணம்