வரப்போரத்து இடம்

வரிச்சிக்குடி,
ஐப்பசி 4.

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் பிள்ளை செம்பியன் மூவரும் ஏதோ இருக்கிறோம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுவோம், சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், போய்வந்தால் படுக்கைதான். செம்பியனுக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொண்டது, சளி விட்டது, குப்புற விழுகிறான். ஆபீஸ் கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டதற்கு உன் மேலதிகாரி அம்மாள், நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா என்றாளாமே. திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அது நான் சொன்ன சொல்லாயிற்றே, எந்த முகத்தோடு திட்டுவது?

நான் நடவுக்கு ஆள் சேர்த்துப் போன காலத்தில் கைப்பிள்ளைக்காரிக்கு வரிசையில் வரப்போரத்து இடம்தான் கொடுப்போம். பிள்ளை அழுதால் ஏறிப் பால் கொடுத்துவிட்டு இறங்குவாள், அதுவரை அவள் பங்கைப் பக்கத்தில் நிற்பவள் நட்டுவிடுவாள். உன்னை வளர்த்ததும் அப்படித்தான். ஒரு வருஷம் மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று, கைவேகக்காரியான கீழத்தெரு ஞானசௌந்தரியை நடுவில் விட்டேன். கரையில் பிள்ளை கத்துகிறது, ரவிக்கை நனைந்து நிற்கிறாள், ஓரத்துக்குப் போகிறேன் அக்கா என்று கெஞ்சினாள். "புள்ள பெத்தது நீ ஒருத்திதானா" என்றேன், இருபது பேர் நடுவில். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை, பேச்சும் நின்றது.

முந்தாநாள் தடுப்பூசி போட இவனைத் தூக்கிப் போனேன். அங்கே ஞானசௌந்தரி. அன்று கரையில் கத்திய பிள்ளைதான் இப்போது கைக்குழந்தையோடு அவள் பக்கத்தில். இருபத்தைந்து வருஷம் கழித்து வாயைத் திறந்து, "பெத்தவ எங்க?" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அழுத இவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெண்மதி, நாலு மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும், போ என்று உன்னை அனுப்பியதும் நான்தான். உன்னோடு வந்து இருக்கலாம் என்றால் அப்பாவை விட்டுவர வழியில்லை. உன் மேலதிகாரி அம்மாளிடம் இன்னொரு தடவை கேள், அழாமல் எழுதிக் கேள். முடியாது என்றால் வந்து பிள்ளையை அழைத்துப் போ. வேலை போனாலும் போகட்டும் என்று சொல்ல, உன் படிப்பை நினைத்தால் வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மாரியம்மன் உங்களைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, பால் கட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடு. இன்னும் ஒன்று. நேற்று போனில் உன் குரல் கேட்டுச் சிரிக்கிறான் என்றேனே, அது பொய். அவன் சிரித்தது என்னைப் பார்த்து. உன் குரலுக்கு அவன் திரும்பவில்லை. சீக்கிரம் வா.

உன் அம்மா
காசியம்மா