மாடுகளுக்கு மரியாதை கொடுத்த நைனாவுக்கு

அன்பும் கொஞ்சம் வருத்தமுமாக, என் நைனாவுக்கு,

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். மூளையில் ரத்தம் அடைத்ததில் தமிழ் போய்விட்டது. தெலுங்கு மட்டும் மிச்சம். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதும் அவளுக்கு மறந்துவிட்டது. நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். அவருக்கும் தெலுங்கு தெரியாது.

நம் வீட்டில் மொழிகளுக்கு வேலை பிரித்திருந்தீர்கள். அம்மாவிடமும் மாடுகளிடமும் தெலுங்கு. தியாகதுருகத்தில் மாட்டுத் தரகர் பாயிடம் பாதி உருது. தமிழ் உயர்ந்த சாமான். மணியக்காரருக்கும் வாத்தியாருக்கும் எடுத்து வைத்திருந்தது.

அப்புறம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. யார் எங்கிருந்து வந்தவர்கள் என்று டீக்கடையில் பேச்சு. நாம் வந்து எத்தனை தலைமுறை என்பது உங்களுக்கே தெரியாது. ஆனாலும் பயந்துவிட்டீர்கள்.

மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு கள்ளக்குறிச்சிக்குப் போனோமே, அன்று சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டியைத் திருப்பச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் தெலுங்கு எதற்கு என்று நினைத்தீர்களோ என்னவோ, தெரிந்த தமிழில் மாடுகளிடம் சொன்னீர்கள்:

"திரும்புங்க. கொஞ்சம் திரும்புங்க."

மாடுகள் அசையவில்லை. அதுவரை யாரும் அவற்றை அப்படி மதித்ததில்லை.

"இன்னா நைனா, உம் மாடும் மறியல்ல குந்திக்கிச்சா?" என்று ஒருவன் கேட்க, ஒரே சிரிப்பு.

நமக்கு ஏர் ஓட்டும் முருகேசனும் மறியலில் இருந்தார். "எப்பவும் சொல்றத சொல்லு நைனா! இன்னாத்துக்கு வெக்கப்பட்டுக்கினு?" என்று கத்தினார். நீங்கள் மறுபடியும் "திரும்புங்க" என்றீர்கள். அவரே வந்து கயிற்றைப் பிடித்து "பத, பத" என்றார். மாடுகள் திரும்பின.

மறியல் செய்ய வந்தவரே நம் மொழியில் நம்மை அனுப்பிவைத்தார். அதில் தைரியம் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வெட்கம்தான் வந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் தமிழ். அம்மாவையும் "வாங்க, போங்க" என்றீர்கள். மரியாதை கூடிவிட்டது என்று நாங்கள் பெருமைப்பட்டோம். தெலுங்கை மறந்தோம்.

இப்போது அம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் புரியவில்லை. நேற்று எலவனாசூர்கோட்டையிலிருந்து சின்னம்மா வந்து சொன்னார்:

"அந்த மனுசன் எம்மேல ஏன் கோவமா கீறாருன்னு கேக்குதுடா. வேத்தாளுகிட்ட பேசற மாதிரியே பேசறாராம்."

இத்தனை வருடம் அவள் அதையா நினைத்துக்கொண்டிருந்தாள்? உங்களுக்குத் தெரியுமா? ஒருமுறையாவது கேட்டீர்களா?

சின்னம்மாவிடம் கற்றுக்கொண்டு, "நைனாக்கு கோபம் லேது" என்றேன், கோபமில்லை என்று. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"அத அவரே வந்து சொல்லட்டும்னுது," என்றார் சின்னம்மா.

நீங்கள் வர வழியில்லை. தினமும் காலையில் நானே சொல்கிறேன், அவள் நம்பும் வரை.

உங்கள் மொழியில் மூன்றே சொல் தெரிந்த,
மூத்த மகன்.