மூணாவது மாடியில் என் சாவு

புரட்டாசி 12, திங்கள்

காலையிலேர்ந்து புழுக்கம். மழை வராப்புல வந்து போச்சு. மொளகா காயப் போட்டது, எடுத்தது, திரும்பப் போட்டது. இடது முழங்கால் வலி.

டிவில சொல்லிட்டான். மூணாவது மாடி, அந்த ஆஸ்பத்திரி நாடகம், அஞ்சாவது சீசன் ஐப்பசில ஆரம்பம். போன சீசன் முடியறப்ப நர்சு மரகதத்த லிஃப்டுக்குள்ள வச்சி சாவடிச்சாங்க. பாவி ரகுபதி டாக்டர்தான் காரணம். அது நடிப்புன்னு தெரியும். தெரிஞ்சும் மன்னிக்கல. புது விளம்பரத்துல அந்த ஆளு கோட்டு போட்டுக்கினு சிரிச்சமேனிக்கு நடந்து வராரு.

"அது கதைதானே அத்தே" ன்னா மருமவ சாந்தி.

கதையில செத்தாலும் சாவு சாவுதான்.

பொழுது சாய சேகர் வந்தான். ஷூட்டிங்குக்கு ஆளு கூட்டிப் போற பையன், மேலத்தெரு. அபிஷேகப்பாக்கம் தாண்டி மூடிக் கெடக்கிற கல்யாண மண்டபத்த ஆஸ்பத்திரியா மாத்திட்டாங்களாம், மூணாவது மாடிக்காவ.

"ஆயா, உன் ஃபோட்டோ காட்டுனேன். டைரக்டர் பாத்ததும் இந்த மூஞ்சிதான் வேணும்னுட்டாரு."

"இன்னா மூஞ்சி?"

"செத்த மூஞ்சி."

சொல்லிட்டு நாக்கக் கடிச்சிக்கினான். எனக்கு சிரிப்பு வந்துச்சி, காட்டிக்கல. நாடகத்து நந்தினி டாக்டர் கை வச்சும் பொழைக்காத கேசாம் நானு. மொத வாரமே சாவு. வசனம் இல்ல. படுத்துக் கெடந்தா போதும். தங்கச்சிக்காரி வந்து ஒப்பாரி வைப்பா. அது யாருன்னு கேட்டேன். "வேற ஊர் ஆளு ஆயா, நீ கவலப்படாத" ன்னான். வாசலப் பாத்துக்கினு சொன்னான்.

மவன் குமார்கிட்ட சொன்னேன். பெசஞ்ச சோறு கையிலயே நின்னுடுச்சி.

"உசுரோட இருக்கறவங்க பொணமா படுப்பாங்களா?"

"மரகதம் படுத்தா."

"அது நடிகைம்மா."

"நானும் ஒரு நாளைக்கு நடிகைதான், போடா."

கை கழுவப் போயிட்டான். நான் போவேன். நந்தினி டாக்டர கிட்டத்துல பாக்கணும்.


புரட்டாசி 14, புதன்

தண்ணி லேட்டு. குழாய்கிட்ட வேதவல்லி நின்னா, குடத்தோட. என் கொழுந்தன் பொண்டாட்டி, எதிர் வூடு. நான் அவளப் பாக்கல. அவளும் என்னப் பாக்கல. பாக்காம இருக்கறதுலயும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேணும். ரெண்டு பேருக்கும் பழகிடுச்சி.

எங்க வூட்டுக்காரரு செத்தன்னிக்கு பாகூர்லேர்ந்து வந்தாங்க, கடலூர்லேர்ந்து வந்தாங்க, பேரு தெரியாத சனமெல்லாம் வந்து கட்டி அழுதாங்க. தெரு நாய்கூட வாசல்ல படுத்திருந்துச்சி. எதிர் வூட்டுக்காரி வர்ல. பதினாறாம் நாளுக்கும் வர்ல. சாவுக்கு வராதவகிட்ட நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. எல்லாரு எதுர்லயும் சொன்னேன். என் சாவுக்கும் அவ வரக்கூடாது, வந்தா என் பாடை நகராது.

அதுக்கு முன்னாடியும் உண்டு. முருங்க. அவ வூட்டு மரம், எங்க பக்கம் சாஞ்ச கெளைய மட்டும் வெட்டச் சொன்னேன், வீம்புக்கு மரத்தையே வெட்டுனா. என் தம்பி கல்யாணத்துல குழம்புல உப்பு இல்லன்னு பந்தி முழுக்கக் கேக்கறாப்புல சொன்னா. ஒண்ணும் மறக்கல.

நாளைக்கு ஷூட்டிங். சாம்பல் கலர் பொடவ எடுத்து வச்சிருக்கேன். சாந்தி நகம் வெட்டி உட்டா.


புரட்டாசி 15, வியாழன்

ஒண்ணொண்ணா எழுதறேன்.

மண்டபத்து வாசல்ல 'அவசர சிகிச்சை' ன்னு செவப்பு போர்டு. பந்தி போடற எடத்துல கட்டிலு, குளுக்கோஸ் பாட்டிலு. பொண்ணு மாப்ள உக்கார்ற மேடையில ஆபரேசன் லைட்டு. டெட்டால் வாசன மட்டும் இல்ல. மத்தபடி ஆஸ்பத்திரியேதான்.

ஆஸ்பத்திரின்னே நம்பி ஒரு ஆளு உள்ள வந்துட்டாரு. பக்கத்து வயல்ல அருவா பட்டு கால்ல ரத்தம், துண்டு சுத்தியிருந்துச்சி. நேரா நந்தினி டாக்டர்கிட்ட போயி, "பாரும்மா தாயி" ன்னு கால நீட்டுனாரு. அந்தப் பொண்ணு வெளுத்துப் போயி பின்னால நகந்துச்சி. "யாராவது இவர டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க" ன்னுச்சி. எத்தினி வருசமா எத்தினி உசுரக் காப்பாத்துனவ. தெரிஞ்ச விசயந்தான், இருந்தாலும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. சேகர்தான் பைக்குல ஏத்திக்கினு பாகூருக்குப் பறந்தான்.

அவன் இருந்திருந்தா அப்பறம் நடந்தது நடந்திருக்காதோ என்னமோ.

மேக்கப் பொண்ணு பொட்டு டப்பாவ எடுத்துச்சி. வாணாம்மா, நான் வைக்கறதில்லன்னேன். "கதையில உங்க வூட்டுக்காரர் இருக்காரு பாட்டி" ன்னு சொல்லி வச்சிடுச்சி. பெரிய பொட்டு. தலையில மல்லி. கண்ணாடி காட்டுச்சி, நான் பாக்கல.

தள்ளு கட்டில்ல படுக்க வச்சி நெஞ்சு வரைக்கும் வெள்ளத் துணி. கண்ண மூடு, மூச்சு தெரியாம உடுன்னான் அசிஸ்டெண்டு. மூடிட்டேன்.

"தங்கச்சி கேரக்டர் வாங்க."

காலடி. ஒரு செருமல்.

அந்தச் செருமல் எனக்குத் தெரியும். கண்ணு மூடியே இருக்குது, ஒடம்பு கல்லாயிடுச்சி. வேதவல்லி.

அவளுக்கும் சொல்லல போல. கிட்ட வந்தவ அப்டியே நின்னுட்டா. "அழுங்க பாட்டி, கேமரா ஓடுது" ன்னாங்க. அழல. எழுந்து போயிடலாம்னு பாத்தேன். நான் எழுந்தா அவ எதுர்ல பொட்டும் பூவுமா நிக்கணும். அத நெனச்சி அசையாம கெடந்தேன். என் சாவுக்கு வரக்கூடாதுன்னு சொன்னது நானு. இப்ப நான் சாவு, அவ பக்கத்துல.

அவ கை என் நெத்திக்கு வந்துச்சி. பொட்டத் தொட்டா. சில்லுன்னு இருந்துச்சி வெரலு. அப்பறம் ஆரம்பிச்சா. எழுதிக் குடுத்தது இல்ல அது.

பொட்டு வச்ச மொகத்தழகப்
பாத்து வருசமாச்சே யக்கா
பொட்டழிச்ச அன்னிக்கு நான்
பொழுதெல்லாம் நின்னேனே யக்கா
மடியில வாக்கரிசி
முடிஞ்சி எடுத்து வந்தேன்
வாச மிதிக்கையில
வழிமறிச்சான் நீ பெத்த மவன்
முடிச்ச அவுக்காம
முச்சந்தியில் நின்னழுதேன்
என் மாமன் போறத நான்
எட்டி நின்னு பாத்தேனே

நீ பெத்த மவன். இன்னொரு தரம் சொன்னா. மார்ல அடிச்சிக்கினு சொன்னா.

என் மவனா. வாய் தொறந்து கேக்கணும், பொணம் கேக்கக் கூடாது. பல்லக் கடிச்சேன். கடைசில கண்ணு ஓரம் தண்ணி எறங்கி காதுல போச்சி.

"கட். சார், பாடி அழுவுது சார்."

யாரோ சிரிச்சாங்க. இன்னொரு தடவ போலாம்னாங்க. வேதவல்லி மூக்கச் சிந்திக்கினு, "இன்னொரு தடவ வராது தம்பி" ன்னா. முந்தானைய இழுத்து சொருவிக்கினு போயிட்டா. என்னத் திரும்பிப் பாக்கல. நான் பாத்தேன், முதுக மட்டும்.

செத்தாப்புல நடிச்சா திருஷ்டி கழிக்கணுமாம். பூசணிக்கா ஒடச்சி, என்ன உக்கார வச்சி சிரிக்கச் சொல்லி ஃபோட்டோ எடுத்தாங்க. சிரிச்சாத்தான் தோஷம் போவும்னு கெஞ்சுனான் அசிஸ்டெண்டு. வாய் வர்ல. சிரிக்காத ஃபோட்டோதான் எடுத்தான்.

சாப்பாடு கோழி பிரியாணி. புரட்டாசி மாசம். தொடல.

பொட்ட வூட்டுக்கு வந்து தேங்கா எண்ண போட்டு அழிச்சேன்.


புரட்டாசி 16, வெள்ளி

மழ இல்ல. வெயிலும் இல்ல.

குமார்கிட்ட கேக்கல. அவன் இட்லி தின்றதப் பாத்துக்கினே இருந்தேன். "இன்னாம்மா பாக்கற?" "ஒண்ணும் இல்ல." "நேத்து எப்டி நடிச்ச?" "நல்லா செத்தேன்."

வேதவல்லி பொய் சொல்றவதான். முருங்கைக்கு பூச்சி வந்துச்சி, அதான் வெட்டுனேன்னு சொன்னவ. ஆனா ஒப்பாரில யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. நாத்தனார் கொடும, மாமியார் கொடும எல்லாம் அதுலதான் வெளிய வரும். கேக்கறவங்க தல குனிஞ்சிக்கினு நிப்பாங்க, மறுத்துப் பேச மாட்டாங்க. நானே பாடியிருக்கேன்.

சேகர் வந்தான். காலு வெட்டுப்பட்ட ஆளுக்குத் தையல் போட்டாங்களாம். "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா ஆயா?" ன்னான். வெளக்கமாத்த எடுத்தேன், ஓடிட்டான்.

சாந்தி பாத்திரம் கழுவுறப்ப கேட்டேன், மாமா செத்தன்னிக்கு நீ எங்க இருந்த.

"உள்ள. உங்கள புடிச்சிக்கினு இருந்தேன்."

"வாசல்ல யாரு?"

தேய்க்கற கை நின்னுச்சி. "அவருதான்" ன்னா. அவளுக்கும் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி.

மோர் குடிச்சேன். தூக்கம் இல்ல.


புரட்டாசி 17, சனி. மாளய அமாவாச

அவருக்குப் படையல். வாழக்கா, பூசணி, அவரக்கா, பாயசம், வட. வட அவருக்கு ரெண்டு அதிகம் வைக்கணும்.

எல போட்டாச்சி. குமார் குளிச்சிட்டு ஈர வேட்டியோட கற்பூரம் ஏத்த வந்தான். தீப்பெட்டிய எடுத்து மடியில வச்சிக்கினேன்.

"இன்னாம்மா?"

"வேதவல்லி ஒப்பாரில சொல்லிட்டா. அன்னிக்கு வந்தாளா?"

மொகம் மாறுச்சி. பொண்டாட்டியப் பாத்தான். அவ எலயப் பாத்துக்கினு நின்னா.

"அப்பாவுக்கு நேரா நிக்கற. சொல்லிட்டு ஏத்து."

வேட்டியிலேர்ந்து தண்ணி சொட்டுச்சி. அப்பறம் சொன்னான். சித்தப்பா குடிச்சிட்டு வந்தாராம். அண்ணன் தம்பிக்குள்ள பம்பு செட்டு சண்ட ஆறாத நேரம், பொணத்த வச்சிக்கினு பாகம் கேப்பாருன்னு பயந்து நெஞ்சுல கை வச்சித் தள்ளுனானாம். பின்னாடியே சின்னம்மா.

"அவங்களையும் போங்கன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவத்துல."

"பதினாறுக்கு?"

"அப்பவும் வந்தாங்க."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"நீ அவங்களத் திட்டித் திட்டித்தான் அன்னிக்கு எழுந்து உக்காந்த. மறுநா சோறு தின்ன. அத எப்டிம்மா புடுங்கறது?"

நல்லா பேசறான். அவங்கப்பன் மாதிரியே பேசறான். அறையலாம்னு கை வந்துச்சி, படையலுக்கு முன்னாடி கூடாது. தீப்பெட்டியத் தூக்கிப் போட்டேன். ஏத்துனான். காக்கா சீக்கிரம் வந்துடுச்சி. மொதல்ல வடயத்தான் எடுத்துச்சி.

அவன்கிட்ட பேசறதில்ல இன்னிலேர்ந்து.


ஐப்பசி 2, திங்கள்

விடாத மழ. தெருவுல முழங்கால் தண்ணி.

மூணாவது மாடி ஆரம்பிச்சிடுச்சி. மண்டபம்னு தெரியவே இல்ல. ரகுபதி மரகதத்தோட ஃபோட்டோவுக்கு மால போடறான். போடுடா, போடு.

என் சாவு புதன்கெழம. சேகர் தெரு முழுக்கச் சொல்லிட்டான். எல்லா வூட்லயும் பாப்பாங்க.

நான் பேசறதில்லயே, குமார் சாந்தி மூலமா சொல்லி உட்டான். அந்த ஒப்பாரி வந்துச்சின்னா ஊர்ல தல காட்ட முடியாதாம். பெரியவங்கள சாவு வாசல்லேர்ந்து தொரத்துனவன்னு பேரு வருமாம். பொண்ணுக்கு வரன் வேற பாக்கறோமாம். சேகர உட்டு நிறுத்தச் சொல்லணுமாம்.

"வரட்டும்னு சொல்லு" ன்னேன்.

சாந்தி அங்கயே நின்னா. "உங்க பேத்தி அத்தே."

பேத்தி அடுத்த ரூம்ல போன்ல யாரோடவோ சிரிச்சிக்கினு இருந்தா. வரட்டும்னு ஒரு தரம் சொல்லியாச்சி. மாத்திச் சொல்ல வாய் வர்ல.


ஐப்பசி 4, புதன்

மழ உட்டுச்சி. கரண்டு போயி போயி வந்துச்சி. நாடகத்துக்கு முன்னாடி வந்து நின்னுச்சி.

ஏழெட்டு பேரு வூட்டுக்குள்ள. குமார் கதவோரமா, செருப்பு கழட்டல. நந்தினி டாக்டர் என் நெஞ்ச அமுக்கி அமுக்கிப் பாக்குது. உதட்டப் பிதுக்குது. நான் செத்துட்டேன். பொட்டோட. நல்லாத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

வேதவல்லி வந்தா. நெத்தியத் தொட்டா. வாய் தொறந்தா.

வயலின் சத்தம்.

அவ வாய் அசையுது, மார்ல அடிக்கிறா, ஒரு சொல்லு வெளிய வர்ல. மேல வயலின் போட்டு மூடிட்டாங்க. நெருக்கமா வந்து என் கண்ணத் தண்ணியோட காட்டுனான். வெட்டல அத. "பொணம் அழுவுது பாரு" ன்னு மேலத்தெருக்காரி சொன்னா, எல்லாரும் சிரிச்சாங்க.

நான் அவ வாயையே பாத்தேன். பொழுதெல்லாம் நின்னேனே. வாக்கரிசி. நீ பெத்த மவன். ஒண்ணு உடாம கேட்டுச்சி எனக்கு.

கும்பல் போச்சி. குமாருக்கு மொகம் தெளிஞ்சிடுச்சி. "பாட்டு போட்டு மூடிட்டாங்கம்மா" ன்னான். நிம்மதியா சொன்னான்.

அமாவாசைக்கப்பறம் மொத தடவ அவன்கிட்ட பேசுனேன்.

"நான் போனா மொத சேதி எதிர் வூட்டுக்கு. ஆளு உடக் கூடாது, நீ போவணும். அவ கையப் புடிச்சி நீ கூட்டியாரணும், இந்த வாசல் வழியா. அவ வர்ற வரைக்கும் என்ன எடுக்கக் கூடாது."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்."

"சரின்னு சொல்லு."

செருப்பக் கழட்டுனான். சரின்னான்.

எதிர் வூட்ல டிவி நிறுத்திட்டா. லைட்டு எரியுது.

முருங்க வெட்டுன கணக்கு அப்டியேதான் இருக்குது. அத நான் செத்தப்பறம் கேக்க முடியாது. நாளைக்கு குழாயில தண்ணி வரட்டும், நேர்லயே கேக்கறேன்.