குள்ளக்கா பாட்டை எழுதியது நீதான்

செல்வம், என் ராசா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சிநேகிதன் பாபு ஜெயித்துவிட்டான். ஐ.டி. வேலைக்கென்று அமெரிக்கா போனவன், அங்கே குடியேறிய நம் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பாட்டுக் குழு ஆரம்பித்தானே, அது பெரிய பேர் வாங்கிவிட்டது. மாண்டலின், கிதார், பாஞ்சோ, வயலின் என்று கரண்ட் இல்லாத கருவிகளை வைத்துக்கொண்டு அந்த ஊர் நாட்டுப்புற இசையை வாசிக்கிறார்கள். தலை நரைத்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டுவதை வீடியோவில் பார்த்தேன். இசைத்தட்டும் வந்துவிட்டது.

அதில் எல்லோரும் கொண்டாடுகிற பாட்டு உன்னுடையது. கேட்டுவிட்டு அழுதேன். பிறகு இசைத்தட்டோடு வந்த சின்னப் புத்தகத்தை என் மகள் படித்துச் சொன்னாள். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைக்கு மேற்கே தண்டவாளம் போட்ட கூலிகள் பாடிய பாட்டாம் அது. எழுதியவர் யாரென்று தெரியாதாம். பாட்டில் வரும் குள்ளக்கா அந்தக் காலத்துக் கூலிப் பெண்ணாக இருக்கலாமாம். கூலி என்றதில் எனக்கு வருத்தமில்லை, நாம் எல்லாருமே கூலிக்காரர்கள்தான். உயிரோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தைக்கப் போய்வருகிற என்னை நூறு வருஷத்துக்கு முன்னால் சாகடித்துவிட்டானே, அதை என்னவென்று சொல்ல?

பாபுவுக்கா தெரியாது? அண்ணனூர் ஸ்டேஷனில் ஓடிப்போய் ரயிலைப் பிடிக்கும்போது என் கையிலிருந்த சாப்பாட்டு கேரியர் நழுவித் தண்டவாளத்தில் விழுந்தது. பிளாட்பாரமே சிரித்தது. ரயில்வே ஷெட்டில் டியூட்டி முடித்து வந்துகொண்டிருந்த நீயும் பார்த்துத் தொலைத்தாய். அன்று சாயங்காலமே அந்தக் கேரியரை வைத்துப் பாட்டுக் கட்டிவிட்டாய். நம் மொட்டை மாடியில் பாபுதான் அதற்கு மாண்டலின் வாசித்தான், நான் போட்ட தோசையைத் தின்றுகொண்டே. வெள்ளைக்காரன் காலத்துக் கூலிக்கு நாலடுக்கு எவர்சில்வர் கேரியர் யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையா?

போன் போட்டேன்.

"டேய் பாபு, அந்தப் பாட்டை எழுதுனது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னாக்கா. இங்க ரயில் பாட்டுன்னா உசுர உடுவாங்க. அதுவும் யாரு எழுதுனதுன்னே தெரியாத பழைய பாட்டுன்னா மரியாதையே வேற. பேட்டில ஒருத்தன் கேட்டான், வாய்ல வந்துட்ச்சி. அப்பால மாத்த முடியல."

"செல்வம் இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா?"

"அவன் இருந்தா சிரிச்சிருப்பான்க்கா. நீ ஏன் இவ்ளோ கோச்சிக்கிற?"

போனை வைத்துவிட்டேன். நீ சிரித்திருப்பாயா, செல்வம்? சிரித்தாலும் சிரித்திருப்பாய். அதற்காக அவன் உன் பெயரை எடுத்துவிடலாமா? செத்தவனிடம் கேட்க வேண்டியதில்லை என்ற தைரியம்தானே அவனுக்கு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பாட்டை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கீழே உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, "ஃப்ரேம் போட்டு ஊட்ல மாட்டுக்கா" என்று நீட்டினாய். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் குள்ளக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம். உன் கண்ணெதிரே அதை நாலாகக் கிழித்துப் போட்டேன். இனி இதைப் பாடினால் உன்னோடு பேச மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு நீ என் முன்னால் பாடவேயில்லை. மறுபடி எழுதி வைக்கவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது.

உன் பெயர் இருந்த ஒரே தாள் அதுதான். என் கோபத்தில் பாதி என் மேல்தான். ஆனால் நான் கிழித்தது ஒரு தாளை. அவன் அச்சுப் போட்டு ஊரெல்லாம் பொய் சொல்கிறான். என் தப்பைக் காட்டி அவன் தப்பித்துக்கொள்ள விடமாட்டேன்.

நேற்று அவனே கூப்பிட்டான். அடுத்த தடவை அச்சடிக்கும்போது 'நண்பன் செல்வத்தின் நினைவாக' என்று போடுகிறானாம். ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி சொன்னான்.

"நினைவா வெச்சிக்க வீட்ல போட்டோ இருக்குடா," என்றேன். "எழுதுனது செல்வம்னு போடு. அது போதும்."

"பாக்கறேன்க்கா," என்றான். அவன் எப்போது எதைப் பார்த்திருக்கிறான்?

அடுத்த மாதம் குழுவோடு சென்னையில் பாட வருகிறான். முன்வரிசையில் எனக்கு இடம் வைத்திருக்கிறானாம். போகிறேன், செல்வம். அந்தப் பாட்டுக்கு முன்னால் மைக்கில் உன் பெயரைச் சொன்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்பேன். சொல்லாமல் மாண்டலினைத் தொட்டானென்றால் அங்கேயே எழுந்துவிடுவேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன்: இதை எழுதியவன் அண்ணனூர் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த என் தம்பி செல்வம், கிழித்துப் போட்டவள் நான்.

உன் கூடப் பிறந்தவள்,
கௌரி