ஓட்டும்போது வந்த பதில்கள்

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கூடத்தில் என்னை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இனி துணி மடிக்க வேண்டாம். எந்த ஹோட்டலில் அழுக்கு மூட்டை எடுக்க வேண்டும், யார் அவசரப்படுத்துகிறார்கள் என்று வேன் ஓட்டுபவர்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். “வாயே திறக்காத பொண்ணுக்கு ஏத்த வேலை” என்றார் ஓனரம்மா. உண்மைதான். பள்ளியை விட்டதிலிருந்து வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

இரண்டு வேன்கள். ஒன்று என் அண்ணன் ஓட்டுவது. இன்னொன்றை ஓட்டுபவர் மீசை மாமா, வயதானவர்.

மார்ச் 7

அனுப்பிய உடனே பதில் வருகிறது. அண்ணன் கட்டைவிரல் படம் போடுகிறான். மீசை மாமா முழு வாக்கியமே எழுதுகிறார். இவர்கள் எப்போதுதான் ஓட்டுகிறார்கள்?

மார்ச் 10

கேட்டேன். ஓட்டிக்கொண்டேதான் என்றான் அண்ணன். மீசை மாமா செய்தால்தான் ஆபத்தாம், குனிந்தால் நிமிர மாட்டாராம். “எனக்கு ரோடு அத்துப்படி.”

மீசை மாமாவும் அண்ணனைப் பற்றி இதையேதான் சொன்னார். “சின்னப் பையன், வேகம். நமக்கு அனுபவம் இருக்கு.”

மார்ச் 13

மீசை மாமா சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டார். சைக்கிள்காரருக்குக் கால் எலும்பு முறிந்திருக்கிறது. தூக்கக் கலக்கம் என்று மாமா எல்லோரிடமும் சொல்கிறார்.

சரியாக அந்த நேரத்தில்தான் “எங்க இருக்கீங்க?” என்று மாமாவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன். பதில் எழுதுகிறார் என்று திரையில் காட்டியது. அப்புறம் காட்டவில்லை.

மார்ச் 14

“அவருக்குக் கண்ணு மங்கல்” என்கிறான் அண்ணன். இன்றும் கட்டைவிரல் போட்டான்.

அனுப்புறது நான்தானே. நாளைக்கு இவன் யாரையாவது — இல்ல, இவனுக்கே ஏதாவது — ஓனரம்மாகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றது?

மார்ச் 17

சொல்லிவிட்டேன். “வண்டி ஓடறப்ப நான் அனுப்ப மாட்டேம்மா. நிறுத்தின இடத்துலேருந்து அவங்களே கேக்கட்டும்.”

ஏற இறங்கப் பார்த்தார். “வண்டி லேட்டானா ஹோட்டல்காரங்க போன்ல கத்துவாங்க. நீ பேசுவியா?”

பேசுகிறேன் என்றேன். நானா சொன்னேன்?

மார்ச் 18

முதல் போனில் எனக்குக் குரலே வரவில்லை. அந்த ஆள் “ஹலோ, ஹலோ” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அடித்தார். பேசினேன்.

மார்ச் 24

மெசேஜ் வராமல் வண்டியில் பொழுதே போகவில்லை, ரோடு நீண்டுகொண்டே போகிறது என்று அண்ணன் குறைபட்டான். பிறகு, கை கழுவிக்கொண்டே கேட்டான்: “மார்க்கெட் திருப்பத்துல ஒரு ஸ்கூல் இருக்கே, அது எப்ப கட்டினாங்க?”

பழைய கட்டடம் அது. சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்கும். அவன் தினமும் போகும் வழி.